ஸ்டெபிலைசர் பார்: கழற்றிவிட்டு நெடுஞ்சாலையில் ஓடலாமா?

ஆஃப்ரோடு வண்டிக்காரர்கள் கூடும் இடத்தில் வாக்குவாதம் கிளப்ப வேண்டுமென்றால், “முன்பக்க ஸ்டெபிலைசர் பாரைக் கழற்றிப் போட்டுவிட்டேன், வண்டி அருமையாக ஓடுகிறது” என்று ஒருவர் சொன்னால் போதும். பாதிப் பேர் அவருக்குக் கை கொடுப்பார்கள். மீதிப் பேர் அவரிடம் ஆயுள் காப்பீடு இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். இரண்டு தரப்பிலும் உண்மை இருக்கிறது. ஆனால் தார்ச்சாலை என்று வந்துவிட்டால் இருவர் பக்கமும் சமமாக இல்லை.

முதலில் ஸ்டெபிலைசர் பார் என்ற அந்தத் தண்டு என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். ‘ப’ வடிவில் வளைத்த எஃகுத் தண்டு அது. நடுப்பகுதியை இரண்டு ரப்பர் புஷ்கள் சேஸியோடு பிடித்திருக்கும். இரு முனைகளும் லிங்க் என்ற குட்டை இணைப்புக் கம்பி வழியாக இடது, வலது சக்கரங்களின் பக்கம் போய்ச் சேரும். இரண்டு சக்கரங்களும் ஒன்றாக வேகத்தடையில் ஏறினால் தண்டு புஷ்ஷுக்குள் சும்மா சுழலும்; அதற்கு வேலையே இல்லை. ஒரு சக்கரம் மட்டும் ஏறினாலோ, வளைவில் வண்டி ஒருபக்கம் சாய்ந்தாலோ தண்டு முறுக்கிக்கொள்ளும். முறுக்கம் எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்பு தண்டின் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 22 மி.மீ. தண்டுக்குப் பதில் 24 மி.மீ. தண்டு போட்டால் விட்டம் 9 சதவீதம்தான் கூடும், விறைப்போ ஏறத்தாழ 40 சதவீதம் கூடிவிடும்.

இப்போது சிக்கல் எங்கே என்று தெரிந்திருக்கும். வளைவில் சாய்வதும் பாறையில் ஒரு சக்கரம் ஏறுவதும் தண்டுக்கு ஒன்றுதான். இரண்டையும் ஒரே மாதிரி எதிர்க்கும். பாறையில் இடது சக்கரம் மேலே போகும்போது வலது சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க வேண்டும்; தண்டு அதை மேலே இழுக்கிறது. சக்கரம் காற்றில் தொங்குகிறது, பிடிப்பு போகிறது. கழற்றுபவர்களின் வாதம் இதுதான், நியாயமான வாதம்.

அவர்களிடம் இன்னொரு வாதமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு ஓரம் மட்டும் உடைந்த கிராமத்துச் சாலையில் இடது சக்கரம் பள்ளத்தில் விழும் ஒவ்வொரு முறையும் தண்டு அந்த உதையை வலது பக்கத்துக்கும் கடத்துகிறது. உள்ளே இருப்பவர்களின் தலை இடமும் வலமும் ஆடுகிறது. தண்டு இல்லாவிட்டால் இந்த ஆட்டம் குறையும். “கழற்றியபின் வண்டி சொகுசாகிவிட்டது” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. நேர்ச்சாலையில், மிதமான வேகத்தில், அவர் உணர்வது உண்மையான சொகுசுதான்.

அப்படியானால் எங்கே உதைக்கிறது? பலரும் மலைப்பாதையைத்தான் சோதனைக்களம் என்று நினைக்கிறார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தண்டு இல்லாமல் ஏறி இறங்கிவிட்டு, “ஒன்றும் ஆகவில்லையே” என்பார்கள். ஆகாதுதான். கொண்டை ஊசியில் வண்டி ஊர்ந்துதான் திரும்பும். வளைவை முன்கூட்டியே பார்த்து, வேகம் குறைத்து, சாய்வை எதிர்பார்த்து ஸ்டீயரிங்கைத் திருப்புகிறோம். சாய்வு கூடுதலாக இருக்கும், பின்சீட்டில் இருப்பவருக்குக் குமட்டும், அவ்வளவுதான்.

உண்மையான சோதனை பைபாஸில் 90 கி.மீ. வேகத்தில், நடுத்தடுப்பின் அரளிச்செடிகளுக்குள்ளிருந்து மாடு வெளியே வரும்போது நடக்கிறது. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் வெட்டுகிறோம். வண்டியின் உடல்கூடு வலப்பக்கம் சாய்கிறது. உடனே தடத்துக்குத் திரும்ப வலப்பக்கம் வெட்டுகிறோம். முதல் சாய்விலிருந்து மீண்டு வரும் உடல்கூடு, இரண்டாவது வெட்டின் விசையையும் சேர்த்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் விழுகிறது. உயரமான வண்டிகள் கவிழ்வது பெரும்பாலும் முதல் வெட்டில் அல்ல, இந்த இரண்டாவது வெட்டில்தான். தண்டு இருக்கும் வண்டி முதல் வெட்டிலேயே குறைவாகச் சாய்ந்து, சீக்கிரம் நிலைக்கு வந்துவிடும். இல்லாத வண்டிக்கு இன்னும் சாய இடமும் நேரமும் இருக்கிறது. அன்றாட ஓட்டத்தில் ஒருநாளும் தெரியாத வித்தியாசம், அந்த ஓரிரு விநாடிகளில் மட்டும் முழுதாகத் தெரியும்.

இன்னொரு நுணுக்கம். வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் மொத்த எடையைத் தண்டு பெரிதாகக் குறைப்பதில்லை. ஈர்ப்பு மையத்தின் உயரம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம், வளைவின் விசை ஆகியவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு கவிழ்வு மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தும் கணக்கும், சக்கர அகலத்தை ஈர்ப்பு மைய உயரத்தின் இரு மடங்கால் வகுப்பதுதான். அதில் தண்டுக்கு இடமே இல்லை. அதைக் காட்டி “தண்டு கவிழ்வைத் தடுக்காது” என்று வாதிடுவோரும் உண்டு. அரைகுறை வாதம் அது. மாறும் எடையை முன்பக்கமும் பின்பக்கமும் எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதைத் தண்டு தீர்மானிக்கிறது. முன்தண்டை மட்டும் கழற்றிவிட்டுப் பின்தண்டை விட்டுவைத்தால் பெரும்பங்கு பின்பக்கம் போகிறது. வழக்கமாக வேகத்தில் முன்பக்கம் முதலில் வழுக்கும்படிதான் வண்டியை அமைத்திருப்பார்கள், ஏனென்றால் அதைச் சாதாரண ஓட்டுநரால் சமாளிக்க முடியும். அந்தச் சமநிலை கெட்டுப் பின்பக்கம் முதலில் வழுக்கத் தொடங்கினால், ஈரச்சாலையில் வண்டி சுற்றிக்கொள்ளும்.

“அந்தக் காலத்து வில்லிஸ் ஜீப்பில் தண்டா இருந்தது?” என்ற கேள்வி இந்த இடத்தில் தவறாமல் வரும். இல்லைதான். ஆனால் அதில் விறைப்பான பட்டை ஸ்பிரிங் இருந்தது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே சாய்வை ஓரளவு அடக்கும். வேகமும் இன்றைய நெடுஞ்சாலை வேகம் அல்ல. இன்றைய வண்டிகளில் நீண்ட, மென்மையான காயில் ஸ்பிரிங். சொகுசுக்காக ஸ்பிரிங்கை மென்மையாக்கி, சாய்வைத் தடுக்கும் வேலையைத் தண்டிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். கணக்கில் ஒரு பாதியை மட்டும் கழற்றி எறிவது சரியாக வராது.

வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கம்பெனி கொடுத்தபடியே விட்டுவிடுவது முதல் வழி. கேட்கச் சலிப்பாக இருந்தாலும் பெரும்பாலோருக்கு இதுதான் பொருத்தம், குறிப்பாக முன்பக்கம் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளுக்கு. 2020-இல் வந்த மகிந்திரா தாரில் முன்னால் இரட்டை விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாகத் தாங்கும் இரு கைகள்), பின்னால் ஒற்றை ஆக்சில் (இரு சக்கரங்களையும் பிணைக்கும் ஒரே அச்சு), முன்னும் பின்னும் ஸ்டெபிலைசர் பார். விஷ்போன் அமைப்பில் சக்கரம் எவ்வளவு இறங்க முடியும் என்பதை விஷ்போனும் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணமும் ஷாக் அப்சார்பரின் நீளமும் ஏற்கெனவே கட்டிப்போட்டுவிடுகின்றன. தண்டைக் கழற்றிக் கிடைக்கும் கூடுதல் இறக்கம் கொஞ்சம்தான். சக்கரம் தொங்கினாலும், பின்னால் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் டிஃபரென்ஷியல் லாக் இருந்தால் வண்டி நின்றுவிடாது. தார் வைத்திருப்பவர் தண்டுக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம் என்பேன்.

முன்பக்கமும் ஒற்றை ஆக்சில் உள்ள ராங்லர், ஜிம்னி போன்ற வண்டிகளின் கதை வேறு. அங்கே ஆக்சில் முழுதாக சீசா பலகைபோல் சாய வேண்டும். தண்டு அதற்கு நேரடித் தடை. கழற்றினால் முன்சக்கரம் இறங்கும் தூரம் கண்ணுக்குத் தெரியும் அளவில் கூடும்.

அவர்களுக்கு இரண்டாவது வழி: கையால் கழற்றி மாட்டும் லிங்க். போல்ட்டுக்குப் பதில் ‘பின்’ (pin) என்ற செருகுகம்பி உள்ள லிங்க்கைப் போட்டுவிட்டால், கரடுமுரடான பாதை தொடங்கும் இடத்தில் இறங்கிக் கழற்றலாம், முடிந்ததும் மாட்டலாம். விலையும் குறைவு, கெட்டுப்போக எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை. ஆனால் சில பழக்கங்கள் வேண்டும். சமதரையில் நிறுத்தித்தான் கழற்ற வேண்டும். சரிவில் நின்றால் முறுக்கில் இருக்கும் தண்டு பின்னை விடாது, விட்டால் கையில் அடிக்கும். கழற்றிய முனையை அப்படியே தொங்கவிட்டால் ஸ்டீயரிங் ராடிலோ பிரேக் ஹோஸிலோ உரசும். மேலே தூக்கிப் பட்டையால் சேஸியோடு கட்ட வேண்டும். சேறு அப்பிய பின்னை மாலை இருட்டில் திரும்பச் செருகுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. “வீட்டுக்குப் போய் மாட்டிக்கொள்ளலாம்” என்ற சோம்பல் பிறப்பதும் அங்கேதான், களைத்த ஓட்டுநரோடு நெடுஞ்சாலையில் போக வேண்டிய அதே இரவில். இந்த வழியின் ஒரே பெரிய குறை அந்தச் சோம்பல்தான். அதை அடக்க முடியுமென்றால், விலைக்கும் பயனுக்கும் இதை அடித்துக்கொள்ள வேறு வழி இல்லை.

மூன்றாவது, பொத்தானை அழுத்தினால் தானே பிரியும் தண்டு. 2005-இன் டாட்ஜ் ராம் பவர் வேகனில் வந்தது. 2007-இல் ஜீப் ராங்லர் ரூபிகானுக்கும் வந்தது. ரூபிகானின் விதிமுறையைக் கவனியுங்கள். நான்கு சக்கர இயக்கத்தில் இருந்தால்தான் தண்டு பிரியும். வேகம் மணிக்கு 29 கி.மீ.யைத் தாண்டினால் தானாகவே மீண்டும் இணைய முயலும். சாதாரணச் சாலையில் பிரித்த நிலையில் ஓட்டாதீர்கள் என்று கையேட்டிலும் எச்சரிக்கிறார்கள். தண்டு இல்லாமல் எவ்வளவு வேகம் போகலாம் என்று வண்டியைக் கட்டியவர்களே சொல்லும் பதில் அது. தண்டு முறுக்கில் இருக்கும்போது பொத்தானை அழுத்தினால் உடனே பிரியாமல் போகலாம் என்பது இதன் சின்னக் குறை. 2021-இல் வந்த ஃபோர்டு பிராங்கோவின் ஹைட்ராலிக் அமைப்பு முறுக்கிலும் பிரியும். சௌகரியத்தில் இவற்றுக்கு நிகரில்லை, ஆனால் வாரண்டி முடிந்தபின் மோட்டாரும் ஒயரிங்கும் சேற்றில் கிடக்கும் பொருள்கள் என்பதை நினைவில் வைத்துத்தான் வாங்க வேண்டும்.

டொயோட்டாவின் கேடிஎஸ்எஸ் (KDSS) என்ற தானாக இயங்கும் தண்டு அமைப்பு இன்னொரு ரகம். ஆஸ்திரேலியாவின் கைனெட்டிக் நிறுவனத்தில் பிறந்த யோசனை, 2004 அளவில் லெக்சஸ் ஜிஎக்ஸ் 470-இல் வந்தது. முன்தண்டிலும் பின்தண்டிலும் உள்ள ஹைட்ராலிக் சிலிண்டர்களைக் குழாய்களால் இணைத்திருப்பார்கள். வளைவில் முன்னும் பின்னும் ஒரே பக்கம் சாயும்போது எண்ணெய் அடைபட்டுத் தண்டு விறைக்கும்; பாறையில் முன்னும் பின்னும் எதிரெதிராக முறுக்கும்போது எண்ணெய் ஓடித் தண்டு தளரும். ஓட்டுநர் எதையும் தொட வேண்டியதில்லை. எல்லா வழிகளிலும் அறிவுக்கு அழகானது இதுதான். லேண்ட் குரூசர் விலை கொடுக்க முடிந்தவர்களுக்கு.

எப்போதும் மாட்டியே இருக்கும் மெல்லிய தண்டு ஒன்றும் உண்டு. ராங்லர்காரர்களிடையே கர்ரி நிறுவனத்தின் ஆன்ட்டிராக் பிரபலம். முறுக்குத் தண்டின் இரு கைகளிலும் பல துளைகள் இருக்கும். லிங்க்கை எந்தத் துளையில் மாட்டுகிறோமோ அதற்கேற்ப விறைப்பு கூடும், குறையும். கழற்றி மாட்டும் வேலை இல்லை, ஆனால் சாலையில் கம்பெனித் தண்டின் இறுக்கம் இருக்காது. மாதத்தில் பாதி நாள் பாறையில் இருப்பவருக்குச் சரி. வார நாட்களில் அலுவலகத்துக்கும் அதே வண்டியில் போகிறவருக்கு இதைச் சொல்லமாட்டேன்.

கடைசி வழி, அடியோடு கழற்றி வீட்டு மாடியில் போட்டுவிடுவது. டிரெய்லரில் ஏற்றிப் பாதைக்குக் கொண்டுபோகும் வண்டியென்றால் தாராளமாகச் செய்யலாம். சாலையில் ஓடும் வண்டிக்கு, அதிலும் இரண்டு அங்குலம் உயர்த்திப் பெரிய டயர் போட்டு, கூரைமேல் கூடாரமும் ஏற்றிய வண்டிக்கு, கூடாது. ஈர்ப்பு மையத்தை மூன்று விதத்தில் மேலே தூக்கிவிட்டு, சாய்வைத் தடுப்பதையும் கழற்றுவது எந்தக் கணக்கிலும் சேராது. வண்டி வழுக்கும்போது கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் அமைப்பான ஈஎஸ்பி (ESP) காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். அது பிரேக்கையும் எஞ்சினையும் கட்டுப்படுத்தும். ஸ்பிரிங்கின் வேலையை அதனால் செய்ய முடியாது. வண்டியை உயர்த்தியவர்கள் தண்டை வைத்திருந்தாலும் லிங்க்கின் நீளத்தைப் பார்க்க வேண்டும். பழைய குட்டை லிங்க்கே இருந்தால் தண்டின் கோணம் கெட்டு, சக்கரம் முழுதாக இறங்கும்போது முனை தலைகீழாகப் புரண்டு பூட்டிக்கொள்ளக்கூடும்.

பழைய வண்டி வாங்குபவர்கள் இதற்கென்று ஒருமுறை தரையில் குனிந்து பார்ப்பது நல்லது. விற்பவர் தண்டைக் கழற்றியதைச் சொல்ல மறந்திருப்பார். சேஸியில் புஷ் பிடித்திருந்த இடத்தில் வெறும் போல்ட் துளைகளும், அவற்றைச் சுற்றித் துருவேறாத தடமும் தெரிந்தால் தண்டு போயிருக்கிறது. தண்டு இருந்து, சின்னப் பள்ளங்களில் முன்னால் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் லிங்க்கின் பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கும். அதன் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். 2010-இல் வந்த பழைய தார் என்றால் இன்னொரு எச்சரிக்கை: அதன் முன்பக்கம் நீளவாக்கில் ஓடும் டார்ஷன் பார் வேறு, ஸ்டெபிலைசர் பார் வேறு. டார்ஷன் பார்தான் அங்கே ஸ்பிரிங். அதன்மேல் ஸ்பேனரை வைக்க நினைக்கும் மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.