ஐந்து ஆண்டுகளில் நான்கு முறை பார்த்த 'தி ஆபீஸ்'

திருநெல்வேலி டவுனில் ஒரு காகித மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதுபவன் நான். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்தபோது, பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் அக்காள் மகன், "மாமா, உங்க பேப்பர் யாவாரத்த வச்சே ஒரு சீரியல் எடுத்திருக்காங்க" என்று சொல்லி, அமெரிக்கத் தொடரான 'தி ஆபீஸை' அறிமுகப்படுத்தினான். பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்க்ரான்டன் நகரில், டண்டர் மிஃப்லின் என்ற கற்பனைக் காகித நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் நடக்கும் கதை அது. 2005 மார்ச் முதல் 2013 மே வரை 9 பருவங்களாக, 201 அத்தியாயங்கள் என்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. அத்தனையையும் இதுவரை நான்கு முறை பார்த்துவிட்டேன். வீட்டிலும் உறவிலும் கடையிலும் பலருக்குப் போட்டுக் காட்டியும் இருக்கிறேன். இதைப் பார்த்தவர்களில் நடுவில் நிற்பவர் யாரையும் நான் கண்டதில்லை. ஒன்று மிகவும் பிடித்துவிடுகிறது, இல்லையென்றால் இரண்டாம் நாளே எழுந்து போய்விடுகிறார்கள்.

இதற்குக் காரணம் தொடரின் அமைப்பிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். நாம் பழகிய நகைச்சுவைத் தொடர்களில் பின்னணியில் சிரிப்பொலி வரும், இதில் வருவதில்லை. ஓர் ஆவணப்படக் குழு அந்த அலுவலகத்தைப் படம் பிடிப்பதாகக் கதை. ஸ்டீவ் கரேல் நடித்திருக்கும் மேலாளர் மைக்கேல் ஸ்காட் பொருத்தமில்லாத வேடிக்கை ஒன்றைச் சொன்னதும் அறையில் யாரும் வாய் திறப்பதில்லை. கேமரா மெல்லத் திரும்பி, குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருக்கும் ஸ்டான்லியின் முகத்தில் போய் நிற்கிறது. எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தராத காரணத்தால், ஒவ்வொருவரும் தாம் வேலை பார்த்த இடத்தில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்களோ, அந்த நாற்காலியில் உட்கார்ந்தே இதையும் பார்க்கிறார்கள்.

என் மனைவி இரண்டாவது அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டாள். அதில் மைக்கேல் இன நல்லிணக்கப் பயிற்சி என்ற பெயரில், ஒவ்வோர் இனத்தின் பெயரையும் அட்டையில் எழுதி ஊழியர்களின் நெற்றியில் ஒட்டச் செய்கிறான். இந்திய வம்சாவளிப் பெண்ணான கெல்லியின் முன்னால் நம்மவர்களின் ஆங்கில உச்சரிப்பைப் பரிகாசமாக நடித்துக் காட்டி, அவளிடம் கன்னத்தில் அறையும் வாங்குகிறான். அவன் செய்வது தவறு என்றுதான் தொடரும் சொல்கிறது என எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். ஆனால் அவள் ஆசிரியை. மாணவர்கள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தைக் கொண்டே இன்ன சாதி என்று அடையாளம் காணும் வழக்கம் நம் மாவட்டத்துப் பள்ளிகளில் இருப்பதை நாள்தோறும் பார்த்தவள். நெற்றியில் ஒட்டிய அட்டை அவளுக்கு வேடிக்கையாகத் தோன்றாததில் குறை சொல்ல எதுவும் இல்லை. அவள் கருத்தை நான் முழுமையாக மதிக்கிறேன்.

முதல் பருவத்தின் ஆறு அத்தியாயங்களைப் பற்றி மட்டும் ஒரு சொல். ரிக்கி ஜெர்வெய்ஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் 2001ஆம் ஆண்டு பிபிசிக்காக உருவாக்கிய மூலத் தொடரின் நிழல் அவற்றில் அதிகம். முதல் அத்தியாயம் ஏறக்குறைய அப்படியே எடுத்தாளப்பட்டது. அங்குள்ள கசப்பு இங்கே ஒட்டவில்லை. அக்காள் மகனோ, 12 அத்தியாயங்களும் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியுமாக முடிந்துவிட்ட அந்த பிரிட்டிஷ் தொடர்தான் உயர்ந்தது என்று இன்றுவரை வாதாடுகிறான். நான் ஒப்பவில்லை.

என்னை இந்தத் தொடருக்குள் இழுத்தது இரண்டாம் பருவத்தில் வரும் ஒரு வியாபாரக் காட்சி. மாவட்ட நிர்வாகத்தின் காகித ஒப்பந்தத்துக்காக வந்த அதிகாரியை மைக்கேல் உணவகத்துக்கு அழைத்துப்போய், விலையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் மணிக்கணக்கில் கதை பேசுகிறான். உடன் வந்த மேலதிகாரி ஜேன் பொறுமை இழக்கிறாள். கடைசியில் ஒப்பந்தம் அவன் கைக்கு வந்துவிடுகிறது. மேப்லிதோ அச்சுக் காகிதம் ஒரு ரீம் என்ன விலை என்று கேட்டு வரும் அச்சக அண்ணாச்சியிடம், முதலில் காப்பி வாங்கிக் கொடுத்து, மகள் கல்யாணம் எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரித்து, அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டும் நேரத்தில் விலையைச் சொல்கிற எங்கள் முதலாளியை அந்தக் காட்சியில் அப்படியே கண்டேன். மைக்கேல் தொழில் தெரிந்தவன். மனிதர்களை நடத்தத் தெரியாதவன். இரண்டு குணங்களும் ஒரே ஆளிடம் இருப்பதை எழுத்தாளர்கள் கண்டுகொண்ட இடம் அது. அங்கிருந்து ஐந்தாம் பருவம் வரை ஓர் அத்தியாயத்தைக்கூடத் தள்ளிவிட்டுப் பார்க்க எனக்கு மனம் வராது. ஏழாம் பருவத்தில் கரேல் விலகிய பிறகு எட்டாம் பருவம் எனக்குச் சலிப்பாகவே இருந்தது. நான்காவது முறை பார்த்தபோதும் அந்த எண்ணம் மாறவில்லை.

கருத்து மிகக் கூர்மையாகப் பிளவுபடுவது ஆறாம் பருவத்தில், 2009 டிசம்பரில் வந்த 'ஸ்காட்ஸ் டாட்ஸ்' அத்தியாயத்தில்தான். தொடரின் பரம ரசிகர்களில்கூடப் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "நீங்கள் பள்ளிப் படிப்பை முடித்தால் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் நான் கட்டுகிறேன்" என்று மைக்கேல் என்றோ வாக்குக் கொடுத்திருக்கிறான். பத்து ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைகள் ஆடிப்பாடி அவனை வரவேற்கும் நாளில், கையில் பணம் இல்லை என்று ஒப்புக்கொண்டு, மடிக்கணினிக்கான பேட்டரிகளைக் கொடுக்கிறான். திரும்பும் வழியில் வரவேற்பாளர் எரின், அந்த வாக்கை நம்பிப் படித்ததால்தான் அவர்களில் 90 சதவீதம் பேர் பள்ளியை முடிக்கப்போகிறார்கள் என்று ஆறுதல் சொல்கிறாள்.

அந்த ஆறுதலை என்னால் ஏற்க முடிந்ததில்லை. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஓர் ஆயுத பூஜை அன்று, வெட்டு இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலைப் பொட்டலம் கொடுத்து முடித்ததும், அங்கிருந்த முதலாளி எல்லோர் முன்னிலையிலும், "பிள்ளைங்க காலேஜ் ஃபீஸ் இனிமே என் பொறுப்பு" என்றார். நாங்கள் கைதட்டினோம். பண்டல் கட்டும் அண்ணன் ஒருவர் அதை நம்பி மகளைப் பி.காம். சேர்க்க ஏற்பாடு செய்தார். ஜூன் மாதம் கட்டணச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கல்லாவுக்கு எதிரே மூன்று நாள் காலையில் வந்து நின்றார். மூன்றாம் நாள் அந்தச் சீட்டின் மடிப்புகள் வியர்வையில் நைந்து கிழிந்திருந்தன. முதலாளி தொலைபேசியிலிருந்து தலை நிமிரவே இல்லை. அண்ணன் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினார்.

சென்ற ஆண்டு அந்த அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, தயக்கத்தோடுதான் இந்த அத்தியாயத்தைப் போட்டேன். ஆங்கிலம் அவருக்குப் புரியாது என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். பிள்ளைகள் பாடும் இடத்தில் அவர் சிரிக்கவில்லை; எழுந்து போகவும் இல்லை. கடைசியில் ஒரு மாணவன் மைக்கேலின் கார் வரை பின்தொடர்ந்து வந்து நியாயம் கேட்க, பாடப்புத்தகச் செலவையாவது தருகிறேன் என்று மைக்கேல் ஒப்புக்கொள்ளும் இடம் வந்தபோது, நிறுத்தச் சொன்னார். திரையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவன் புக்குக்காவது குடுத்தாம்லா தம்பி" என்றார்.