கோல்ட்டா, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனா? அமெரிக்கக் காவல்துறையின் இரண்டு பழைய ரிவால்வர்கள்

கனெக்டிகட் ஆற்றை ஒட்டி இரண்டு ஊர்கள். ஹார்ட்ஃபோர்டில் கோல்ட் தொழிற்சாலை இருந்தது. அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், ஸ்பிரிங்ஃபீல்டில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கக் காவலரின் இடுப்பு உறையில் இருந்த ரிவால்வர் பெரும்பாலும் இந்த இரண்டு ஊர்களில் ஒன்றிலிருந்துதான் வந்திருக்கும். பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களின் கை முதலில் கோல்ட்டை நோக்கித்தான் போகிறது. அதன் நீல மெருகைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காவல்துறைகளின் வரலாற்றில் பெரிய இடம் ஸ்மித்துக்கே உரியது என்பது என் முடிவு. காவலர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்த முறை மாறியபோதுதான் அந்த இடம் அதற்குக் கிடைத்தது.

தொடக்கத்தில் கோல்ட்தான் முன்னால் நின்றது. நியூயார்க் காவல் ஆணையர் குழுவின் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், 1896இல் .32 அளவு கோல்ட் நியூ போலீஸ் ரிவால்வரைத் துறையின் பொது ஆயுதமாக்கினார். அதற்கு முன் அவரவர் கையில் கிடைத்ததை வைத்திருந்தார்கள். துப்பாக்கியோடு குறிபார்த்துச் சுடும் பயிற்சியையும் சேர்த்துக் கொண்டுவந்ததுதான் ரூஸ்வெல்ட் செய்த பெரிய காரியம் என்பேன்.

ஒப்பிட வேண்டிய உண்மையான இணை அதற்குப் பின் வந்தது. ஸ்மித்தின் மிலிட்டரி அண்ட் போலீஸ் 1899இல் வெளியானது. 1957இல் அதற்கு மாடல் 10 என்று பெயர் மாறியது. கோல்ட்டின் அஃபிஷியல் போலீஸ் 1927இல் வந்தது. அது முற்றிலும் புதிய துப்பாக்கி என்று சொல்ல முடியாது. ராணுவம் ஏற்கெனவே தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கு மாறிவிட்டிருந்தது. எனவே ஆர்மி ஸ்பெஷல் என்று விற்றுவந்த ரிவால்வரைச் சிறிது திருத்தி, காவல்துறைகளை நோக்கிப் புதுப்பெயரிட்டது நிறுவனம். இரண்டுக்கும் முதன்மையான தோட்டா .38 ஸ்பெஷல், இரண்டிலும் ஆறு தோட்டா. 1933 வாக்கில் நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ், சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ, கான்சாஸ் சிட்டி என்று தன்னைத் தேர்ந்தெடுத்த நகரங்களைக் கோல்ட் விற்பனைப் பட்டியலில் அச்சிடும் நிலையில் இருந்தது.

இரண்டையும் கையில் எடுத்தால் முதலில் தெரிவது, தோட்டாக்களை அடக்கிச் சுழலும் உருளையான சிலிண்டரைத் திறக்கும் முறை. கோல்ட்டில் தாழைப் பின்னால் இழுக்க வேண்டும். ஸ்மித்தில் முன்னால் தள்ள வேண்டும். கோல்ட்டின் சிலிண்டர் கடிகார முள் போகும் திசையில் சுழலும், ஸ்மித்தின் சிலிண்டர் அதற்கு எதிராக. தன் சிலிண்டர் சுழலும்போதே சட்டகத்துக்குள் அழுந்துகிறது, எதிராளியின் சிலிண்டர் வெளியே தள்ளப் பார்க்கிறது என்பது கோல்ட்டின் விளம்பர வாதம். ஸ்மித்தின் விடை, 1902 முதல் குழலுக்கு அடியில் வைத்த இன்னொரு பூட்டு. சிலிண்டரின் நடுக்கம்பி முன்னும் பின்னும் பிடிக்கப்பட்டது. கோல்ட்டில் அந்தக் கம்பியின் முன்முனை அந்தரத்தில் நிற்கிறது. துப்பாக்கி கீழே விழுந்தால் வளையக்கூடும்.

ஆனாலும் நல்ல நிலையில் உள்ள கோல்ட்டின் இறுக்கம் தனிதான். காலியான துப்பாக்கியின் விசையை (டிரிகரை) முழுவதும் இழுத்துப் பிடித்தபடி சிலிண்டரை ஆட்டிப் பாருங்கள், அசையாது. சிலிண்டரைச் சுழற்றும் உள்பாகமான சுழற்றுநாக்கு கடைசிக் கணத்தில் சிலிண்டரைப் பூட்டின்மேல் அழுத்தி நிறுத்துவதே காரணம். குறி தவறாமைக்கு இது பெரிய துணை. ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்த நாக்கு அழுத்தம் தாங்கித் தேய்கிறது என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. தேய்ந்தால், தோட்டா அறையும் குழலும் நேர்கோட்டில் நிற்கும் கணம் பிசகத் தொடங்கும். சரிசெய்யத் தேர்ந்த கை வேண்டும். ஸ்மித் சிறிதளவு அசைவை அனுமதித்துவிட்டது. ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளைச் சில பழுதுபார்ப்பவர்களை வைத்துப் பராமரிக்கும் ஒரு துறைக்கு இந்த அனுமதி எவ்வளவு பெரிய நிம்மதி!

பாதுகாப்பில் கோல்ட்டுக்கே என் வாக்கு. தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலுக்கும் தோட்டாவுக்கும் நடுவே நிற்கும் தடுப்பை அது 1900களின் தொடக்கத்திலேயே நம்பகமாகச் செய்துவிட்டது. ஸ்மித்தின் தடுப்பு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஓர் உயிரைப் பறித்த பிறகே சரியானது. கப்பல் தளத்தில் தவறி விழுந்த ஒரு ரிவால்வர் வெடித்து மாலுமி ஒருவர் இறந்தார். நிறுவனம் விரைந்து புதிய தடுப்பை வடிவமைத்தது. அதன் பின் வந்த துப்பாக்கிகளில் அந்தக் குறை இல்லை.

இப்போது விசைக்கு வருவோம். வழக்கு இங்கேதான் தீர்கிறது. சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, ஒரு கையை நீட்டி, தொலைவில் உள்ள வட்டத்தைச் சுடுவதே பழைய பயிற்சி. அதற்குக் கோல்ட் அருமையான துப்பாக்கி. ஆனால் தெருவில், சில அடி தூரத்தில், ஒரு நொடியில் நடக்கும் மோதலுக்கு அந்தப் பயிற்சி உதவாது என்பதைத் துறைகள் மெல்லப் புரிந்துகொண்டன. விசையை மட்டும் நீளமாக இழுத்துச் சுடும் முறை பயிற்சியின் மையத்துக்கு வந்தது. கோல்ட்டின் வி வடிவ ஸ்பிரிங்கால், விசை பின்னே போகப்போகக் கனக்கும். தோட்டா புறப்படும் நேரத்தில்தான் விரலுக்கு அதிக பாரம். ஸ்மித்தில் தொடக்கம் முதல் முடிவு வரை ஏறத்தாழ ஒரே சீர். புதிதாகச் சேர்ந்த காவலருக்கு எதைக் கொடுத்துக் கற்பிப்பது எளிது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸும் நியூயார்க்கும் சுத்தியலை நிறுத்திவைத்துச் சுடும் வசதியையே நீக்கின. நிறுத்திவைத்த சுத்தியல் மெல்லிய தொடுதலுக்கும் விழுந்துவிடும், பதற்றத்தில் விரல் பேச்சைக் கேட்காது. அந்த முடிவோடு கோல்ட்டின் சிறந்த குணமும் தேவையற்றதாகிவிட்டது.

மீதியைச் செலவு முடித்துவைத்தது. கோல்ட்டின் உள்பாகங்களைக் கையால் அரம் போட்டுப் பொருத்த வேண்டியிருந்தது. 1950களில் சந்தை ஸ்மித் பக்கம் சாய்ந்தது. 1969இல் அஃபிஷியல் போலீஸ் நின்றுபோனது. மொத்தம் 4 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். மாடல் 10 வகை 60 லட்சத்தைத் தாண்டியது. கனடாவின் குதிரைப்படைக் காவலும் 1954இல் தன் கோல்ட் நியூ சர்வீஸ் ரிவால்வர்களை விட்டு ஸ்மித்துக்கு மாறியது. ரூகர் சர்வீஸ் சிக்ஸ் 1970களில் உறுதியான போட்டியாளராக வந்தது, ஆனால் அப்போது ரிவால்வரின் காலமே முடிந்துகொண்டிருந்தது. 1967இலேயே இல்லினாய் மாநிலக் காவல்துறை 9 மில்லிமீட்டர் தானியங்கிக் கைத்துப்பாக்கிக்குப் போய்விட்டது. நியூயார்க் 1993இல்தான் அந்த மாற்றத்துக்கு இசைந்தது. ரிவால்வரை விட மனமில்லாத பழைய காவலர்களுக்கு 2018 ஆகஸ்ட் வரை அவகாசம் கொடுத்தது.

இரண்டு துப்பாக்கிகளும் தடயவியலுக்கும் உதவின என்பதை அதிகம் பேர் சொல்வதில்லை. குண்டைச் சுழலவைக்கக் குழலின் உள்ளே வெட்டிய வரிப்பள்ளங்கள் அதன்மேல் தடம் பதிக்கும். கோல்ட் குழலில் ஆறு வரிப்பள்ளங்கள் இடப்பக்கமாகச் சுழலும்; ஸ்மித்தில் ஐந்து, வலப்பக்கமாக. உடலிலிருந்தோ சுவரிலிருந்தோ எடுத்த ஈயக்குண்டைப் பார்த்ததும் எந்த வகைத் துப்பாக்கி என்று நிபுணர் தேடலைச் சுருக்கிவிட முடிந்தது.

துறைகள் புதிய துப்பாக்கி வாங்கியபோது பழையவற்றை விற்பனையாளர்களிடம் மொத்தமாக மாற்றிக்கொண்டன, பலவற்றை உருக்கியும்விட்டன. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு. தப்பிய ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அது காலியாக இருப்பதை உறுதிசெய்துவிட்டுக் கைப்பிடியின் பின்பட்டையைப் பாருங்கள். துறையின் முதலெழுத்துகளும் ஓர் எண்ணும் பொறித்திருக்கக்கூடும். குழல் முனையில் மெருகு போயிருப்பது உறையில் பல ஆண்டுகள் உரசிய அடையாளம். அதைப் புதுமெருகு பூசி மறைத்துவிடாதீர்கள். இரு நிறுவனங்களின் பழைய அனுப்புகைப் பதிவுகளிலிருந்தும் கடிதம் பெறலாம். எந்த நாளில், யாருக்கு அனுப்பப்பட்டது என்பது அதில் இருக்கும். அந்தத் தேதியையும் பின்பட்டை எண்ணையும் எடுத்துக்கொண்டு அந்தத் துறையின் ஆவணப் பிரிவுக்கு எழுதுங்கள். வழங்கல் பதிவேடு இன்னும் அலமாரியில் இருந்தால், அந்த எண்ணுக்கு நேரே ஒரு காவலரின் பெயர் எழுதியிருக்கும்.