நீலப் பக்கம் பேனாவை அழிக்குமா? சிவப்பு-நீல ரப்பரும் பென்சில் பாக்ஸில் கூட இருப்பவையும்

ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம் என்று வரும் ரப்பரைப் பற்றி வட சென்னையில் ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் வரைக்கும் பிள்ளைகளிடம் ஒரே நம்பிக்கைதான்: சிவப்பு பென்சிலுக்கு, நீலம் பேனாவுக்கு. பெரியவர்களிலும் பலர் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சில கம்பெனி ரப்பர்களில் நீலப் பக்கத்தின் மேல் பேனா படமே அச்சிட்டு வருகிறது. ஆனால் வீட்டுப்பாட நோட்டில் தேய்த்தால் எழுத்து போவதற்கு முன்னால் தாள் ஓட்டையாகிவிடும். ரப்பர் கெட்டது என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டாம். அது செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்திருக்கிறது, தப்பான தாளில்.

பென்சில் எழுத்து என்பது தாளின் மேல் ஒட்டியிருக்கும் கிராஃபைட் தூள். சிவப்புப் பக்கம் அந்தத் தூளைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு, சுருண்டு, துகளாக உதிர்கிறது. பேனா மை திரவமாக இறங்கி நார்களுக்குள் ஊறிக் காய்கிறது. பால்பாயின்ட் பேனா என்றால் முனையிலுள்ள குண்டு அழுத்திய பள்ளமும் சேர்ந்துகொள்ளும். உள்ளே போன சாயத்தை மேலாகத் துடைத்து எடுக்க வழியில்லை. மை ஊறிய நாரையே சுரண்டி எடுத்தால்தான் உண்டு. அதற்காகத்தான் நீலப் பக்கத்தின் கலவையில் நுரைக்கல் பொடி போன்ற உரசும் தூளைச் சேர்க்கிறார்கள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாலே நறநறவென்று தெரியும். மரத்துக்கு உப்புத்தாள் எப்படியோ, தாளுக்கு இந்த நீலப் பக்கம் அப்படி.

ஆகவே தாளின் கனம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. பள்ளி நோட்டுகளில் பெரும்பாலும் 60 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) அளவிலோ அதற்குக் கீழேயோதான் தாள் இருக்கும். ஒரு அடுக்கு நார் போனாலே மறுபக்கம் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிந்துவிடும். டிராயிங் நோட்டின் கெட்டித் தாளிலும் சார்ட்டிலும் அதே நீலப் பக்கம் நன்றாகவே வேலை செய்கிறது. கலர் பென்சில், அழுத்திப் போட்ட கறுப்புப் பென்சில் கோடு, சின்ன மைப் புள்ளி ஆகிய மூன்றுக்கும் தாராளமாக வாங்கலாம்.

கெட்டித் தாளில் மைப் பிழையை எடுக்கும் முறை இது. மை முழுக்கக் காயட்டும். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் கறை விரியும். பழைய அட்டை ஒன்றில் எழுத்தின் அளவுக்கு ஜன்னல் வெட்டி, பிழையின் மேல் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்து எழுத்து தப்பும். நீலப் பக்கத்தின் ஓரத்தால் ஒரே திசையில் லேசாக இழுங்கள். முன்னும் பின்னும் அழுத்தித் தேய்த்தால் நார் எழும்பித் தாள் மடிந்து கிழியும். நான்கைந்து இழுப்புக்கு ஒருமுறை தூளை ஊதிவிடுங்கள், இல்லையென்றால் சுரண்டிய மையே திரும்பத் தாளில் பூசிக்கொள்ளும். நிறம் முக்கால்வாசி போனதும் நிறுத்திவிட்டு, சிவப்புப் பக்கத்தால் சுத்தம் செய்யுங்கள். பிறகு அந்த இடத்தின் மேல் வேறொரு தாளை வைத்து நகத்தால் அழுத்தி வழிக்க வேண்டும். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மை பரவாமல் இருக்கத் தாளின் மேல் கொடுத்திருக்கும் பசைப் பூச்சு சுரண்டியதில் போயிருக்கும். வழிக்காமல் அதே இடத்தில் இங்க் பேனாவால் எழுதினால் எழுத்து நாலாபக்கமும் கசியும். வழித்த பிறகும் பால்பாயின்ட்தான் பாதுகாப்பு.

காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கடலோரமாக இருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தைத் தாள் உறிஞ்சி மெத்தென்று ஆகிவிடுகிறது. கோடையில் தாங்கிய அதே தாள் அப்போது தாங்காது. ஈரம் நார்களுக்கு இடையிலுள்ள பிணைப்பைத் தளர்த்துவதுதான் காரணம். ரப்பரை எச்சில் தொட்டுத் தேய்த்தால் பேனா போகும் என்ற பழைய நம்பிக்கை தோற்பதும் இதனால்தான். எச்சில் மையைக் கொஞ்சம் கரைக்கும், உண்மை. அதைவிட வேகமாகத் தாளைப் பலவீனமாக்கும். மை கரைந்த நீல வட்டத்தின் நடுவே ஓட்டை விழுவதற்கு அதுவே காரணம்.

நோட்டுக்கு மட்டும் ரப்பர் வேண்டுமென்றால் வெள்ளை ரப்பரே போதும், இரண்டு கலர் தேவையில்லை. தூசி உதிராமல் ஒன்றாகத் திரளும் வகைகள் பெரும்பாலும் பி.வி.சி.யில் செய்தவை. அதை மென்மையாக வைக்க எண்ணெய் போன்ற ஒரு இளக்கிப் பொருள் கலந்திருக்கும். மேலே சுற்றி வரும் அட்டை உறை வெறும் விளம்பரத்துக்கு என்று நினைத்து முதல் நாளே கிழித்துப் போடாதீர்கள். உறை இல்லாமல் பிளாஸ்டிக் ஸ்கேலோடும் பாக்ஸோடும் கிடந்தால் அந்த இளக்கிப் பொருள் ஸ்கேலுக்குள் ஊறி, இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். வெயில் காலத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பழ வாசனை ரப்பர்கள் பெரும்பாலும் இதே வகைதான். வாசனை இருப்பதால் தின்னலாம் என்று சின்னப் பிள்ளைகள் கடித்துப் பார்க்கிறார்கள். தொண்டையில் அடைக்கும் ஆபத்து இருப்பதால் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு வாசனை ரப்பர் வாங்கவே வேண்டாம்.

பென்சில் சீவலைப் பாலில் ஊறவைத்தால் ரப்பர் வரும் என்பது அடுத்த நம்பிக்கை. வராது. சீவல் மரம், எத்தனை நாள் ஊறினாலும் மரம்தான். ஆனால் நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும் என்பது புரிகிறது. நம் ஊர்ச் சூட்டில் டப்பாவில் வைத்த பால் சீக்கிரமே புளித்துத் திரிந்துவிடும். பாலிலுள்ள கேசின் என்ற புரதம் கட்டியாகி, சீவலோடு சேர்ந்து அமுங்கும் பதத்தில் நிற்கும். அதைப் பார்த்த பிள்ளை இன்னும் இரண்டு நாளில் ரப்பராகிவிடும் என்று காத்திருக்கிறது. நாற்றம் தாங்காமல் அம்மா டப்பாவைத் தூக்கிப் போடுவதால், அதற்குள் ஆகியிருக்கும் என்ற எண்ணம் மட்டும் மனதில் தங்கிவிடுகிறது.

அந்தக் கேசினை வைத்தே உருப்படியாக ஒன்று செய்யலாம். ஒரு கப் பாலைக் கொதிக்கவிடாமல் நன்றாகச் சூடாக்கி, நான்கு டீஸ்பூன் வினிகர் ஊற்றிக் கிளறுங்கள். திரிந்ததை மெல்லிய துணியில் வடிகட்டி ஒட்டப் பிழிந்து, கையால் பிசைந்து வட்டமாகத் தட்டி, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். சரியாகப் பிழியாவிட்டால் உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் விரிசல் விடும். காய்ந்ததும் கெட்டியான வில்லை கிடைக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சட்டைப் பொத்தான்கள் பலவற்றை, இந்தக் கேசினை ஃபார்மலின் என்ற ரசாயனத்தால் இறுக்கிச் செய்தார்கள். அழிக்க மட்டும் இது உதவாது. இழுபடும் தன்மை இதில் துளியும் இல்லை. அந்தத் தன்மை வேண்டுமானால் கன்னியாகுமரி மாவட்டத்தில் வளர்க்கிறார்களே, அந்த ரப்பர் மரத்துப் பாலுக்குத்தான் போக வேண்டும். 1770இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி பென்சில் கோட்டை அழிக்க வல்லது என்று எழுதிவைத்ததும் மரத்து ரப்பரைப் பற்றித்தான். அதற்கு முன் ஐரோப்பாவில் பிரெட் துண்டால் அழித்துக்கொண்டிருந்தார்கள்.

பென்சில் முனை கையில் குத்தினால் ஈயம் ரத்தத்தில் ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்ற பயமும் தேவையில்லை. உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். களிமண் கூடினால் கடினமான ஹெச் வகை, கிராஃபைட் கூடினால் கறுத்து எழுதும் பி வகை. குத்தியதும் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, முனை உள்ளே முறிந்திருந்தால் டாக்டரிடம் எடுத்துவிடுங்கள். நீலம் கலந்த கறுப்புப் புள்ளி ஒன்று தோலுக்கடியில் நெடுநாள் தங்கலாம், அது கிராஃபைட் தூள். வீக்கமோ சீழோ இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பேனாவை அழிக்கும் ரப்பர் என்ற ஆசையை உண்மையாக்கியது வெப்பத்தில் நிறம் மறையும் மை. பைலட் கம்பெனியின் ஃப்ரிக்ஷன் பேனா இந்த வகை. அதன் பின்முனையில் இருப்பது சுரண்டும் ரப்பர் இல்லை. தேய்க்கும்போது உண்டாகும் சூடு ஏறத்தாழ 60 டிகிரியைத் தொட்டதும் மை நிறமிழக்கிறது. தாள் தேயாது, தூள் விழாது. மெல்லிய நோட்டிலும் ஓட்டையே விழாமல் பேனா எழுத்து போவது இதில்தான். கணக்குப் போட்டுப் பழக, வரைபடம் குறிக்க, டைரிக்கு, தயங்காமல் வாங்கலாம்.

வாங்கும் முன் இதன் குறையையும் தெரிந்துகொள்ளுங்கள். மே மாதம் கண்ணாடி மூடி வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் நோட்டை வைத்தால் பக்கம் முழுவதும் வெள்ளையாகிவிடலாம். இஸ்திரி பட்டாலும் லேமினேஷன் மெஷினில் விட்டாலும் கட்டாயம் மறையும். அப்படி மறைந்த நோட்டைக் காற்றுப் புகாத கவரில் போட்டு ஃபிரீசரில் ஒரு இரவு வையுங்கள். மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனதும் எழுத்து திரும்ப வரும். கூடவே நீங்கள் வேண்டுமென்று அழித்த பிழைகளும் வந்துவிடும். செக், பேங்க் படிவம், பரீட்சைப் பேப்பர், கையெழுத்து இவை எதற்கும் இந்தப் பேனாவைத் தொடக்கூடாது.

மயிலிறகைப் பற்றியும் சொல்லிவிடலாம், அதுவும் இதே புத்தகப் பையில்தான் இருக்கிறது. வானத்தைக் காட்டாமல் புத்தகத்தில் வைத்து, பென்சில் சீவலைத் தீனியாகப் போட்டால் குட்டி போடும் என்று வைத்திருப்பார்கள். புத்தகத்தின் அழுத்தத்தில் காம்பிலிருந்து இழைகள் ஒவ்வொன்றாக உதிரும், அதைத்தான் குட்டி என்று எண்ணுகிறார்கள். சீவல் அங்கே பூச்சியையும் கறையையும்தான் கொண்டுவரும். இறகைக் காய்ந்த வெள்ளைத் தாள் இரண்டுக்கு நடுவே வைத்து, ஒரு வேப்பிலைச் சருகு சேர்த்தால் போதும்.

ரப்பர், பென்சில், நோட்டு மொத்தமாக வேண்டுபவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்கும் அதைச் சுற்றிய தெருக்களுக்கும் போங்கள். பள்ளி திறக்கும் ஜூன் நெருக்கத்தைத் தவிர்த்தால் நின்று பார்த்து வாங்கலாம். சிவப்பு-நீல ரப்பரைக் கையில் வளைத்துப் பாருங்கள். வளையாமல் வெடிப்பு தெரிந்தால் பழைய சரக்கு, காற்றும் வெயிலும் பட்டு இறுகியது. அது பென்சில் கோட்டை அழிக்காது, கறுப்பாக இழுத்துத்தான் விடும். மேல்தோல் மட்டும் இறுகியிருந்தால் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்தால் உள்ளே உள்ள நல்ல ரப்பர் வெளியே வரும். வெள்ளை ரப்பரில் உறை ஒட்டாமல் நழுவ வேண்டும், கையில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியக்கூடாது. ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். மலிவு என்று பெட்டியாக வாங்கிப் பரணில் போட்டால் அடுத்த ஜூனுக்குள் பாதி இறுகியிருக்கும்.