180 ரூபாய் ரிலேயும் என் பழைய ஆம்ப்ளிஃபயரும்

அப்பா காலத்து ஸ்டீரியோ செட்டு பரணில் கிடக்கிறது, ரிப்பேர் செய்ய எட்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். என் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் முடிந்து வீடு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

1985-இல் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் ஆம்ப் அது. 2009-இல் என் கைக்கு வந்தது. பெரிய கோளாறு எதுவும் வந்ததில்லை. ஒரே ஒரு தொல்லை, சத்தத்தைக் குறைத்து வைத்தால் இடது ஸ்பீக்கர் பேசாது. வால்யூமைச் சட்டென்று ஏற்றி இறக்கினால் பட்டென்று வந்துவிடும். மறுநாள் மறுபடி ஊமை. குழந்தை தூங்கியபின் இரவு பத்து மணிக்குக் கச்சேரி கேட்க உட்கார்ந்தால், இடது பக்கம் கேட்பதற்காக ஒரு நொடி வீட்டையே எழுப்ப வேண்டும். ஆறு வருடம் இப்படியே ஓட்டினேன்.

முதல் கடையில் வால்யூம் கன்ட்ரோல் என்றார்கள். ஸ்ப்ரே அடித்தார்கள், அப்புறம் மாற்றியே விட்டார்கள். கரகரப்பு போனது, ஊமை போகவில்லை. இரண்டாவது கடையில், ஸ்பீக்கரை ஓட்டுகிற பவர் டிரான்ஸிஸ்டர் போய்விட்டது என்று நான்கையும் கழற்றிப் புதிது போட்டார்கள். 4,200 ரூபாய். வீட்டுக்கு வந்து போட்டால் அதே ஊமை. போன டிரான்ஸிஸ்டர் வால்யூமை ஏற்றினால் பிழைத்து வருமா? இதைக்கூட யோசிக்காமல், இத்தனை வருடம் உழைத்த அசல் டிரான்ஸிஸ்டர்களைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். சந்தையில் போலி டிரான்ஸிஸ்டர் மலிந்து கிடக்கிற காலத்தில், அவற்றைக் கேட்டு வாங்கிவரத் தோன்றவில்லையே என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மூன்றாவதாக, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவின் சந்து ஒன்றில் ஒரு பெரியவர். நான் சொல்லி முடிப்பதற்குள், "ஆன் பண்ணினா மூணு நாலு செகண்ட் கழிச்சு டிக்குனு ஒரு சத்தம் வருமே, அங்கதான் தம்பி" என்றார்.

ஸ்பீக்கர் ரிலே. ஆம்ப்பில் ஏதாவது கோளாறாகி டிசி (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) வெளியே வந்தால் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் கருகாமல் இணைப்பைத் துண்டிக்கிற சின்னப் பெட்டி. அதனுள்ளே ஒன்றையொன்று தொடும் உலோகப் புள்ளியான கான்டாக்ட் மேல் படலம் படிந்து கறுத்துவிட்டால், சன்னமான சத்தத்துக்கு வருகிற சொற்ப மின்னழுத்தம் அந்தப் படலத்தைத் தாண்டாது. வால்யூமை ஏற்றினால் படலம் உடைந்து வழி கிடைக்கும். பெரியவர் ரிலேயின் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். இடது பக்கப் புள்ளி கரி பிடித்த திரி மாதிரி இருந்தது. உப்புத்தாளால் தேய்த்தால் போதாதா என்றேன். மேல்பூச்சு போய்விட்டால் சீக்கிரமே மறுபடி கறுக்கும் என்று மாற்றிவிட்டார். ரிலே 180 ரூபாய், கூலி 500. மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கண்டன்சர் இரண்டையும் மீட்டரில் பார்த்து, "இது நல்லாத்தான் இருக்கு" என்று தொடாமல் விட்டார். ஸ்பீக்கரை மாட்டுமுன் இரண்டு பக்கமும் டிசி அளந்தார். 20 மில்லிவோல்ட்டுக்குள்தான் இருந்தது.

அன்றிரவு வால்யூமை எட்டு மணி முள் அளவுக்கு மட்டும் வைத்துக் கேட்டேன். பாடகர் மூச்சு வாங்குகிற இடைவெளியில் பின்னாலிருந்து தம்புரா கேட்டது, இரண்டு பக்கமும் சமமாக. ஆறு வருடமாக இது எனக்குக் கிடைக்கவில்லை. ப்ளூடூத் ஸ்பீக்கர் எத்தனையோ கேட்டிருக்கிறேன், இந்த அமைதி அதில் எதிலும் இல்லை.

சரி, நண்பருக்கு என்ன சொன்னேன்? வேண்டாம் என்றுதான். அவர் அனுப்பிய படத்தில் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கோடு ஒட்டி நீளமாக ஓர் எஸ்டிகே ஐசி இருக்கிறது; சத்தத்தைப் பெருக்குகிற வேலையைச் செய்யும் சில்லு அது. ஜப்பானின் சான்யோ கம்பெனி செய்த அந்தப் பழைய ஐசிகள் இப்போது உற்பத்தியில் இல்லை, கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் போலி. கேசட் டெக் பெல்ட்டோ தாராக உருகிப் புல்லியில் அப்பியிருக்கிறது. இதையெல்லாம் பார்க்காமலே எட்டாயிரம் என்று சொன்னவரிடம் செட்டைக் கொடுக்கவே கூடாது. மூடியைத் திறக்காமல் கோளாறை ஊகிக்கலாம், விலை சொல்வது என்ன நியாயம்?

என் ஆம்ப்புக்கே அடுத்த தடவை செலவு செய்ய மாட்டேன். பெரியவர் இந்த வருடத்தோடு கடையை மூடப் போகிறார். வேறொருவரிடம் கொடுத்து இன்னொரு நல்ல பாகம் குப்பைக்குப் போவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதே ரிலே இன்னும் இரண்டு வாங்கி டிராயரில் வைத்திருக்கிறேன்.