பேண்டாக்கில் கணிதச் சமன்பாடுகள்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

இயற்பியல் பாடக் குறிப்புகளை எளிய குறிகள் கொண்ட உரை வடிவமான மார்க்டவுனில் எழுதி, ஆவணங்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித்தரும் பேண்டாக் வழியாக, உலாவியில் திறக்கும் எச்டிஎம்எல் பக்கங்களாக்கி மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தத்துவப் பேராசிரியரான ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட இந்தக் கட்டற்ற மென்பொருள் தலைப்பு, பத்தி, அட்டவணை எதிலும் என்னைக் கைவிட்டதில்லை. சமன்பாடுகள் எப்படித் தெரிய வேண்டும் என்பதை மட்டும் நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

எந்தத் தெரிவும் தராவிட்டால், பேண்டாக் யூனிகோடு எழுத்துகளையும் மேலெழுத்து, கீழெழுத்துகளையும் கொண்டு இயன்றவரை வாய்பாட்டை எழுதுகிறது. எக்ஸின் வர்க்கம் ஒழுங்காக வந்துவிடும். ஓர் அணி (மேட்ரிக்ஸ்) வந்தாலோ எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டு, வாய்பாட்டை நாம் எழுதிய டெக் என்னும் கணிதக் குறிமுறையை அப்படியே பக்கத்தில் விட்டுவிடும்.

அதனால் முதலில் மேத்ஜாக்ஸைத் தேர்ந்தெடுத்தேன். இந்த முறையில் பேண்டாக் வாய்பாட்டை வரைவதில்லை. அதை ஒரு குறிக்குள் பொதிந்து வைக்க, படிப்பவரின் உலாவியில் மேத்ஜாக்ஸ் நிரல் வரைகிறது. தோற்றம் மிக அழகு. சமன்பாட்டுக்குள் 'விசை', 'நிறை' என்று தமிழில் எழுதும்போது, சுற்றியுள்ள உரையின் எழுத்துருவையே பயன்படுத்தச் சொல்லும் அமைப்பும் அதில் உண்டு. ஆனால் இணையம் இல்லாத வகுப்பறையில் பக்கத்தைத் திறந்தபோது, நியூட்டனின் இரண்டாம் விதி இருக்க வேண்டிய இடத்தில் சாய்கோடுகளும் அடைப்புக்குறிகளுமே நின்றன. நிரலின் முகவரியை நாமே தரலாம் என்பதால், அதன் படியைக் குறிப்புகளோடு சேர்த்துவைத்துச் சமாளித்தேன்.

2023 ஜனவரியில் குரோம் உலாவியின் 109ஆம் பதிப்பு, இணையப் பக்கங்களில் கணிதத்தை எழுதும் குறிமொழியான மேத்எம்எல்லை ஏற்கத் தொடங்கிய பிறகு அதற்கு மாறினேன். பேண்டாக் குறிப்புகளைப் பக்கமாக மாற்றும்போதே வேலை முடிந்துவிடுகிறது. படிப்பவர் பக்கம் எந்த நிரலும் ஓட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கணித எழுத்துரு இல்லாத கைபேசியில் அணியின் அடைப்புக்குறி வரிசைகளின் உயரத்துக்கு நீளாமல் குட்டையாகவே நின்றுவிடும். லேட்டின் மாடர்ன் மேத் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் நடைதாளில் (சிஎஸ்எஸ்) கணிதக் கூறுக்கு அதைக் குறிப்பிட்டதும் சரியாயிற்று.

எனக்கு மிகவும் பிடித்தது லுவா வடிகட்டி, அதாவது மாற்றத்தின் நடுவே ஆவணத்தைத் திருத்த லுவா மொழியில் நாமே எழுதும் சிறு நிரல். ஒவ்வொரு வாய்பாடும் வரிக்குள் வருவதா, தனித்து நிற்பதா என்று அது பேண்டாக்கிடமிருந்தே அறிந்துகொள்கிறது. தனித்து நிற்பவற்றை மட்டும் நடைதாள் அடையாளம் காணும் ஒரு வகுப்புப் பெயருடன் (கிளாஸ்) பொதிந்து, பக்கவாட்டில் நகர்த்திப் படிக்கும்படி செய்திருக்கிறேன். நீண்ட சமன்பாடுகள் இப்போது கைபேசித் திரையை உடைத்துக்கொண்டு வெளியே போவதில்லை. திசையன் குறியை டெக் குறுநிரலாக (மேக்ரோ) ஒரே இடத்தில் வரையறுத்தால், அதைப் பேண்டாக்கே எல்லா இடத்திலும் விரித்து எழுதிவிடும். மேலே அம்பு வேண்டாம், தடித்த எழுத்து போதும் என்று இந்த ஆண்டு முடிவு செய்தபோது ஒரு வரியைத்தான் திருத்தினேன்.

மேத்எம்எல்லுக்கு வந்ததில் இழந்தது, மேத்ஜாக்ஸ் தானாகவே இட்டுத்தரும் சமன்பாட்டு எண்களை. பெரும்பாலான பாடங்களுக்கு நடைதாளின் எண்ணிடும் வசதியே போதுமானது. ஒரு சமன்பாட்டிலிருந்து இன்னொன்றைப் பலமுறை சுட்டும் மின்காந்தவியல் குறிப்புகளை மட்டும் இன்றும் மேத்ஜாக்ஸிலேயே வைத்திருக்கிறேன்.