வவுனியா பக்கேஜ் திருகோணமலையில் ஓடாதாம்: 12,500 ரூபாய் போனது

இதை இன்றைக்கே எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது. இடமாற்றம் கிடைத்து திருகோணமலைக்கு வருகிறவர்கள் தயவுசெய்து வாசியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வவுனியாவிலிருந்து மாற்றலாகி உவர்மலைப் பக்கம் வீடு எடுத்து மூன்று கிழமை. ஏழு வருடமாக ஒரே மாதக் கட்டணக் கைத்தொலைபேசி இணைப்பு வைத்திருக்கிறேன். மகளின் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு, வங்கி, அம்மாவின் கிளினிக் எல்லாம் அந்த ஒரு இலக்கத்தில்தான். புது வீட்டுக்குள் சிக்னல் குறைவாக இருந்ததால், நகரத்துக்குள் ரீலோட் போடுகிற, கவர் விற்கிற ஒரு சின்னப் போன் கடையில் போய் விசாரித்தேன்.

"அக்கா, இது வடக்குப் பக்கேஜ். இங்க கிழக்கு. மாத்தாட்டி அடுத்த மாசம் லைன் நிண்டிடும்" என்றார் அந்தத் தம்பி. 07இல் தொடங்குகிற இலக்கத்துக்கு வடக்கு என்ன, கிழக்கு என்ன என்று கேட்கத்தான் செய்தேன். உடனே, "வீட்டுப் போன் வவுனியாவில 024, இங்க 026 தானே? வீட்டு ரவுட்டரையும் இடம் மாத்திப் பதியாமக் கொண்டு வந்தா ஓடாது தானே?" என்றார். இரண்டும் உண்மை. அந்த இரண்டு உண்மையையும் காட்டித்தான் என் வாயை அடைத்தார்.

மகளுக்கு ஒரு டொபி கொடுத்தார். எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார். தன் அக்காவும் வவுனியாவில்தான் கலியாணம் செய்திருக்கிறா என்றார். நான் அந்தக் கதிரையில் இருந்தபடியே அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். பழைய சிம்மை ஊசியால் குத்தி எடுத்து, ஒரு துண்டுக் கடதாசியில் மடித்து லாச்சிக்குள் போட்டார். புது சிம் ஒன்றைப் போட்டுவிட்டு, "ரெண்டு நாளில உங்கட பழைய நம்பர் இதுக்கு வந்திடும்" என்றார். ஒரு வருடத்துக்கு முற்பணம் 12,500 ரூபாய். எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, "கம்பனியிலயிருந்து மெசேஜ் வரும் அக்கா" என்றார்.

மெசேஜ் வரவில்லை. மூன்றாம் நாள் போனேன், "சிஸ்டம் டவுன்." ஐந்தாம் நாள், "போயா லீவு அக்கா, நாளைக்கு வாங்கோ." ஏழாம் நாள் அவர் இல்லை, வேறொரு பையன் நின்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாதாம். ஒன்பதாம் நாள் அவரே இருந்தார். என்னைக் கண்டதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனவர்தான், நான் முக்கால் மணித்தியாலம் நின்றும் திரும்பி வரவில்லை. அந்த ஒன்பது நாளும் வங்கி அனுப்பிய குறியீடு ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. அம்மாவின் கிளினிக் திகதி மாறியதும் தெரியாமல், அவவை வெயிலில் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தோம்.

பிறகுதான் கம்பனியின் சொந்தக் கிளைக்குப் போனேன். அங்கிருந்த பிள்ளை திரையைப் பார்த்துவிட்டு, "உங்கட பக்கேஜ் அப்படியே ஓடிக்கொண்டிருக்குது. ஊர் மாறினதுக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை. பில் வாற விலாசத்தை மட்டும் மாத்துவம்" என்றா. இலங்கைக்குள் எங்கே போனாலும் அதே இலக்கம், அதே கட்டணம். அடையாள அட்டையைக் காட்டி அதே இலக்கத்துக்கு வேறு சிம் எடுத்தேன். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. கடைக்காரர் தந்த சிம் என் பெயரிலேயே இல்லையாம். யாருடைய பெயரில் இருக்கிறது என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இன்று காலை திரும்பக் கடைக்குப் போனேன். "எந்தக் காசு? பில் இருக்கா?" என்று கேட்டார். 12,500 ரூபாய். மகளின் டியூசன் காசும் அதற்குள்தான் இருந்தது.

விவரமாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், கை நடுங்குகிறது. பழைய சிம்மை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பில் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பக்கேஜ் விசயம் என்றால் கம்பனியின் சொந்தக் கிளைக்கே போங்கள். அடையாள அட்டைப் பிரதி கொடுத்தால், எதற்காகக் கொடுத்தது என்று அதன் மேலேயே எழுதிக் கொடுங்கள். கடைக்காரர் ஏமாற்றினால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977, தொலைபேசிக் கம்பனியோடு பிரச்சினை என்றால் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவுக்கு 1900.

நான் 1977க்கு எடுத்துச் சொல்லிவிட்டேன். நாளைக்குக் காலை பொலிசுக்குப் போகிறேன். அந்த சிம்மையும் கொண்டு போகிறேன்.