பழைய தரவுக்குப் புது நிதி: பணிக்குழுவா, தனித் திட்டமா, வலையமைப்பா?

சூழலியலில் புதிதாகக் களத்துக்குப் போகாமலே செய்யக்கூடிய பெரிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. பலர் பல இடங்களில் பல வருடங்களாக எடுத்து வைத்திருக்கும் தரவுகளைத் திரட்டி, தனியொருவரின் தரவால் விடை சொல்ல முடியாத கேள்விக்கு விடை தேடுவது. தொகுப்பாய்வு என்கிறோம். இதற்கு நிதி கேட்க முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன. எங்கள் குழு மூன்றையும் அலசிவிட்டுப் பணிக்குழு வழியில் போனது. ஆகவே இது நடுநிலையான தீர்ப்பு இல்லை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வழி, தொகுப்பாய்வு மையங்கள் தரும் பணிக்குழு நிதி. அமெரிக்காவின் சாண்டா பார்பராவில் 1995-இல் தொடங்கிய என்சியாஸ் (தேசியச் சூழலியல் பகுப்பாய்வு, தொகுப்பாய்வு மையம்) இதற்கு முன்னோடி. ஜெர்மனியில் ஐடிவ் என்ற பல்லுயிர் ஆய்வு நிறுவனத்தின் அங்கமான எஸ்டிவ், பிரான்சில் செசாப், அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் பவல் மையம் எல்லாம் ஏறக்குறைய அதே வார்ப்பில் பிறகு வந்தவை. பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழு இரண்டு மூன்று ஆண்டுகளில் சில முறை, ஒவ்வொரு முறையும் சில நாட்கள், ஒரே இடத்தில் கூடி வேலை செய்யும். பயணம், தங்குமிடம், கணினி வசதி மையத்தின் பொறுப்பு. மூத்த ஆய்வாளர்களுக்குச் சம்பளம் கிடையாது.

இரண்டாவது, வழக்கமான ஆய்வுத் திட்ட மானியம். ஒரு முதன்மை ஆய்வாளர், அவரிடம் ஒரு முதுமுனைவர் ஆய்வாளர் (முனைவர் பட்டம் முடித்துத் தற்காலிகப் பணியில் இருப்பவர்), மூன்று நான்கு ஆண்டுகள். மூன்றாவது, வலையமைப்பு நிதி. ஐரோப்பாவின் காஸ்ட் (அறிவியல், தொழில்நுட்ப ஒத்துழைப்பு அமைப்பு) நடவடிக்கைகளும் அமெரிக்காவின் ஆய்வு ஒருங்கிணைப்பு வலையமைப்புகளும் இந்த வகை. கூட்டங்கள், பயிற்சிப் பள்ளிகள், குறுகிய காலப் பரிமாற்றப் பயணங்கள் இவற்றுக்குப் பணம் வரும். ஆராய்ச்சியைச் செய்வதற்கு வராது.

எவ்வளவு பணம், படிவம் எவ்வளவு நீளம், கடைசித் தேதி என்ன என்பதெல்லாம் அழைப்பு அறிவிப்பிலேயே இருக்கும். களச் செலவு இல்லாததால் மூன்றுமே மலிவு. அதை விட்டுவிடலாம்.

பணிக்குழுவுக்கு ஆதரவாக எல்லோரும் முதலில் சொல்வது, ஒரே அறையில் உட்கார்ந்து பேசினால் யோசனை பிறக்கும் என்பது. உண்மைதான், ஆனால் கருத்து மோதல் உள்ளவர்களை ஒன்றாக உட்கார வைப்பதில்தான் அதன் பலம் நன்றாகத் தெரிகிறது. 2006-இல் கடல் சூழலியலாளர் போரிஸ் வார்ம் குழுவினர் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதுவும் ஒரு என்சியாஸ் பணிக்குழுவிலிருந்து வந்ததுதான். இப்போதைய போக்கு நீடித்தால் 2048-க்குள் பிடிக்கப்படும் மீனினங்கள் எல்லாமே சரிந்துவிடும் என்ற அதன் ஒரு வரி உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. மீன்வள அறிவியலாளர் ரே ஹில்போர்ன் அதைக் கடுமையாக எதிர்த்தார். அப்புறம் அந்த இருவருமே சேர்ந்து என்சியாஸில் ஒரு பணிக்குழுவை நடத்தினார்கள். 2009-இல் வந்த கூட்டுக் கட்டுரை இரண்டு பக்கமும் பேசியது: நன்கு ஆராயப்பட்ட 10 சூழல் தொகுதிகளில் 5-இல் மீன்பிடி அழுத்தம் குறைந்திருக்கிறது, ஆனாலும் மதிப்பிடப்பட்ட மீன் இருப்புகளில் 63 சதவீதம் இன்னும் மீட்கப்பட வேண்டிய நிலையில் இருக்கிறது. தனித் திட்ட மானியத்தில் இப்படி நடப்பது கடினம். எதிராளியைத் தன் திட்டத்தில் சேர்த்து எழுத எந்த முதன்மை ஆய்வாளருக்கு மனம் வரும்?

ஆனால் நாங்கள் பணிக்குழுவைத் தேர்ந்தெடுக்க அது காரணமில்லை. எங்கள் முடிவு ஒரே ஒரு கேள்வியில் நின்றது: தரவை ஒன்றுசேர்ப்பது யார், சேர்த்ததை அப்புறம் பராமரிப்பது யார்?

தொகுப்பாய்வில் நேரத்தைத் தின்பது புள்ளியியல் இல்லை, அதற்கு முந்தைய வேலை. கருவேல மரத்தை ஒரு கோப்பு அகேசியா நிலோட்டிகா என்று எழுதியிருக்கும், இன்னொன்று வாச்செல்லியா நிலோட்டிகா என்று எழுதியிருக்கும். 2005 வியன்னா தாவரவியல் மாநாட்டு முடிவுக்குப் பிறகு வந்த பெயர் மாற்றம் அது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு மரங்கள். ஒருவர் தரையில் ஒரு சதுர மீட்டர் சட்டகம் வைத்து அதற்குள் இருக்கும் இனங்களை எண்ணியிருப்பார், இன்னொருவர் கால் சதுர மீட்டரில். இரண்டாவதை நான்கால் பெருக்கிச் சரிக்கட்ட முடியாது, ஏனென்றால் இனங்களின் எண்ணிக்கை பரப்போடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. பூஜ்யம் என்றால் தேடியும் கிடைக்கவில்லையா, தேடவே இல்லையா? வெற்றுக்கட்டம் என்றால்? சிலர் தரவு இல்லாத இடத்தில் -999 என்று போடுவார்கள். கவனிக்காமல் சராசரி எடுத்தால் கதை முடிந்தது. இதற்கெல்லாம் மூலத் தரவை எடுத்தவரைக் கேட்டே ஆக வேண்டும். அவர் ஓய்வு பெற்றிருப்பார், அல்லது அவருடைய மின்னஞ்சல் முகவரி செத்திருக்கும்.

இந்த வேலைக்கு வலையமைப்பு நிதியில் ஆளே கிடையாது. ஒவ்வொரு கூட்டத்திலும் "தரவுத் தொகுப்பை அடுத்த கூட்டத்துக்குள் முடிப்போம்" என்று உற்சாகமாகப் பேசிக் கலைவார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு அதைச் செய்ய யாரும் இருப்பதில்லை. இந்த வகையில் நான் ஓரத்தில் இருந்து பார்த்தவன்தான், நடுவில் நின்று நடத்தியதில்லை. நன்றாக நடந்த வலையமைப்புகளும் இருக்கலாம். எங்கள் மதிப்பீட்டில் வலையமைப்பு நிதி முதலில் விழுந்தது இப்படி ஆள் இல்லாததால்தான்.

தனித் திட்ட மானியத்தில் ஆள் உண்டு. அந்த முதுமுனைவர் ஆய்வாளர் முழுநேரமும் இதிலேயே இருப்பார், ஒரே கை எல்லா முடிவையும் எடுப்பதால் சீர்மையும் இருக்கும். பணிக்குழுவைவிட வேகமாகவே முடிக்கலாம். சிக்கல் அதற்குப் பிறகு. கட்டுரை வந்ததும் அவருக்கு வேறு வேலை கிடைக்கும், நிரலும் தரவும் அவருடைய மடிக்கணினியோடு போய்விடும். இது வெறும் பயம் இல்லை. 2014-இல் டிம் வைன்ஸ் குழுவினர் 2 முதல் 22 ஆண்டுகள் பழைய 516 ஆய்வுக் கட்டுரைகளின் தரவை ஆசிரியர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். தரவு இன்னும் இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் ஆண்டுக்கு 17 சதவீதம் வீதம் குறைந்துகொண்டே போனது.

நல்ல மையத்தில் இரண்டும் கிடைக்கும். குழுவுக்கு ஒரு முதுமுனைவர் ஆய்வாளர், அவருக்குப் பின்னால் மையத்தின் நிரந்தரத் தரவுப் பணியாளர்கள். பெயர்ப் பட்டியலைச் சரிபார்ப்பது, மீத்தரவு (தரவைப் பற்றிய விவரக்குறிப்பு) எழுதுவது, பொதுத் தரவுக் களஞ்சியத்தில் வைப்பது எல்லாம் அவர்களுக்குத் தினசரி வேலை. என்சியாஸோடு சேர்ந்து வளர்ந்த கேஎன்பி களஞ்சியம் இப்படித்தான் உருவானது. மேலே சொன்ன மீன்வளச் சண்டையிலும் கட்டுரைக்கு அப்பால் நிலைத்தது தரவுத்தளம்தான். மீன்வள அறிவியலாளர் ரான்சம் மையர்ஸ் முன்பு தொகுத்திருந்த மீன் இருப்புத் தரவுத்தளத்தைப் புதுப்பித்து விரிவாக்கி, 2007-இல் காலமான அவர் நினைவாக ராம் மரபுத் தரவுத்தளம் என்று பெயரிட்டார்கள். 2009 கட்டுரை அதை வைத்து எழுதியதுதான். அதன் பிறகு எத்தனையோ குழுக்கள் அதே தரவைக் கொண்டு வேறு கேள்விகளைக் கேட்டுவிட்டன.

ஒரு எச்சரிக்கை. மையங்களும் சாகாவரம் பெற்றவை அல்ல. அமெரிக்காவின் டர்ஹமில் 2004-இல் தொடங்கிய பரிணாமத் தொகுப்பாய்வு மையமான நெசென்ட் 2015-இல் மூடப்பட்டது. அதன் ஆதரவில் வளர்ந்த டிரையாட் களஞ்சியம் அதற்குள் தனி இலாப நோக்கற்ற அமைப்பாகிவிட்டதால் பிழைத்துக்கொண்டது. மையத்தின் சொந்தச் சர்வரில் மட்டும் தரவு இருக்கும் என்றால் நான் தயங்குவேன். மையம் போனாலும் நிற்கக்கூடிய களஞ்சியத்தில், நிலையான டிஓஐ எண்ணோடு (இணையத்தில் தரவைக் கண்டுபிடிக்க உதவும் மாறாத அடையாள எண்) வைப்பார்களா என்று விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

அதேபோல, முதுமுனைவர் ஆய்வாளரோ தரவுப் பணியாளரோ தராமல் பயணச் செலவு மட்டும் தரும் மையங்களும் உண்டு. பெயரளவில் பணிக்குழு, நடைமுறையில் வலையமைப்பு நிதியின் சிறு வடிவம். அப்படி ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் தனித் திட்ட மானியத்துக்கே போவேன். தரவை வெளியிடும் செலவையும் கடைசி ஆறு மாத ஆவணப்படுத்தலையும் வரவுசெலவில் தனி வரியாகவே எழுதிவிடுவேன். மதிப்பீட்டாளர்கள் முதலில் வெட்டச் சொல்வது அந்த வரியைத்தான். அதை விட்டுக்கொடுப்பதைவிட ஒரு பயணத்தை விட்டுக்கொடுக்கலாம்.

வலையமைப்பு நிதி பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. தரவு இன்னும் காகிதக் களக்குறிப்பேடுகளில் இருக்கிறது, வைத்திருப்பவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது, பகிர்ந்தால் தங்கள் பெயர் கட்டுரையில் வருமா என்ற சந்தேகமும் இருக்கிறது என்றால் பணிக்குழுவுக்கு அவசரப்பட்டுப் பயனில்லை. அங்கே முதலில் தேவைப்படுவது பழக்கமும் ஓர் எழுத்துப்பூர்வ உடன்பாடும்: யார் தரவை யார் எதற்குப் பயன்படுத்தலாம், இணையாசிரியர் உரிமை எப்போது, தரவு எந்தத் தேதியில் பொதுவெளிக்கு வரும். இரண்டு மூன்று கூட்டங்களில் அது கையெழுத்தாகிவிட்டால், பணிக்குழு விண்ணப்பத்தில் "தரவு தயாராக இருக்கிறதா" என்று கேட்கும் பகுதியில் அந்த உடன்பாட்டை அப்படியே இணைத்து அனுப்பலாம்.